குளம்பு வெடிப்புக்கு எந்த சப்ளிமென்ட் வாங்கலாம்? (காத்தியவாரி பெட்டை, 7 வயசு)

பொள்ளாச்சி_சவாரி

எல்லாருக்கும் வணக்கங்க. என்கிட்ட ஒரு காத்தியவாரி (குஜராத் பக்கத்து குதிரை ரகம்) பெட்டை இருக்கு, வயசு 7, போன ஆடியில அந்தியூர் சந்தையில வாங்குனது. குணம் தங்கம், கொழந்தைங்களை ஏத்தி விட்டாலும் பயமில்ல. ஆனா முன்னங்கால் ரெண்டுலயும் குளம்பு ஓரம் ஓரமா பேந்துக்கிட்டே வருது, முன்பக்கம் நெட்டுக்கு வெடிப்பு, லாடம் அடிச்சா மூணு வாரம் நிக்க மாட்டேங்குது, ஆணி எறங்குன எடத்துலயே செதில் செதிலா ஒடையுது.

இப்ப குடுக்கிற தீனி: கோ-4 பசும்புல், வேகவச்ச கொள்ளு ரெண்டு கிலோ, கோதுமை தவிடு ரெண்டு கிலோ, மக்காச்சோளம் ஒரு கிலோ, தினம் ரெண்டு பச்ச முட்டை, ஒரு உருண்டை வெல்லம்.

ஆன்லைன்ல மூணு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு வெளிநாட்டு பெல்லட், வெல ரொம்ப ஜாஸ்தி. ரெண்டாவது இங்கயே தயாராகுற பவுடர், டப்பால குளம்பு படம் போட்டிருக்கு. மூணாவது லிக்விட் டானிக். குளம்பு போட்டோவும், பவுடர், டானிக் ரெண்டோட லேபிள் போட்டோவும் போட்டிருக்கேன். எது வாங்கறதுன்னு கொழப்பமா இருக்கு, காசு செலவு பண்றதுக்கு பிரச்சன இல்லீங்க, ஆனா வேல செய்யணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ரேக்ளா_ரசிகன்

தம்பி எதுக்கு இவ்ளோ யோசன. முட்டைய ரெண்டுல இருந்து நாலாக்கு, பச்சையாவே ஊத்து. கூட லிவர் டானிக் ஒண்ணு குடு. குளம்புக்கு வெளிய வெளக்கெண்ணெய் தடவு. எங்க தாத்தா காலத்துல இருந்து இதான் பண்றோம், வண்டி குதிரைங்க எல்லாம் கல்லு மாதிரி குளம்போட ஓடும்.

மதுரை_லாடம்

சப்ளிமென்ட் பேச்சுக்கு அப்பறமா வர்றேன் அண்ணே, மொதல்ல நீங்க போட்டிருக்க போட்டோவ பாத்து சொல்றேன். எங்கப்பா லாடம் அடிக்கிறவர், நானும் அதே தொழில் தான். முன்பக்கம் நுனி ரொம்ப நீண்டு போச்சு, குதிகால் பக்கம் உள்ள மடிஞ்சு படுத்துருச்சு. இப்படி இருந்தா ஒவ்வொரு அடிக்கும் நுனி நெம்பி நெம்பி தான் வெடிக்கும். எவ்ளோ நல்ல மருந்து குடுத்தாலும் நெம்பறது நிக்காம வெடிப்பு மூடாது. எப்ப கடைசியா சீவுனீங்க? ஆறு வாரத்துக்கு ஒருக்கா சீவணும், இந்த மாதிரி கெட்டுப்போன குளம்புக்கு நாலஞ்சு வாரத்துலயே கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறது இன்னும் நல்லது. ஒரே நாள்ல சரி பண்றேன்னு மொத்தமா எடுத்தா கால் நோவும்.

ரெண்டாவது, காலைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. நடுவுல முக்கோணமா ரப்பர் மாதிரி இருக்குமே, ஃப்ராக்னு சொல்வாங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்க பள்ளத்துல கறுப்பா, அழுகுன நாத்தம் வருதா? வந்தா அது திரஷ். அதுக்கு தீனி மருந்து கெடையாது, லாயத்துல ஈரமும் மூத்திரமும் தேங்காம பாத்துக்கணும்.

லாடம் இப்போதைக்கு வேணாம்னு தான் நான் சொல்லுவேன். ஒடையிற சுவத்துல திரும்பத் திரும்ப ஆணி எறக்குனா ஓட்ட மேல ஓட்ட தான். தார் ரோட்டுல ஓட்டாம, மண்ணுல மட்டும் நடக்க விட்டு வெறும் காலோட கொஞ்ச மாசம் விடுங்க.

பொள்ளாச்சி_சவாரி

ரொம்ப நன்றிங்ணா. நாத்தம் லேசா இருக்கு, இடது முன்னங்கால்ல மட்டும். சீவுனது ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இங்க பக்கத்துல ஆள் கெடைக்கறது பெரும்பாடா இருக்கு, காங்கேயம் மாட்டுக்கு லாடம் கட்டறவங்க தான் இருக்காங்க.

நாமக்கல்_கால்நடை

நான் கால்நடை மருத்துவர். குதிரை அதிகமா பாக்கிற எடத்துல வேல செய்றேன். கொஞ்சம் பெரிய பதிவா போகும், பொறுமையா படிங்க.

மதுரை தம்பி சொன்னது தான் மொதல் வேல. அதுக்கப்பறம் தீனி. எந்த டப்பாவா இருந்தாலும் முன்பக்க படத்த விட்டுட்டு பின்பக்கம் திருப்பி, "ஒரு நாளைக்கு என் குதிரை வயித்துக்குள்ள எத்தன மில்லிகிராம் போகுது"ன்னு மட்டும் கணக்கு போடுங்க. உதாரணத்துக்கு ஒரு பவுடர்ல கிலோவுக்கு பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 100 மி.கி.ன்னு பெருசா எழுதியிருப்பாங்க. தினம் 30 கிராம் குடுக்க சொல்லியிருப்பாங்க. கணக்கு பாத்தா தினம் உள்ள போறது 3 மி.கி. தான். குளம்பு விஷயத்துல ஆராய்ச்சியில பலன் தெரிஞ்ச அளவு பெரிய குதிரைக்கு தினம் 15ல இருந்து 20 மி.கி. அப்ப அந்த 3 மி.கி. எதுக்கு காணும்?

பயோட்டின் பத்தி ஏன் இவ்ளோ பேசறோம்னா, குளம்புக்கு நேரடியா சோதிச்சு பாத்த ஒரே சத்து கிட்டத்தட்ட இது தான். வியன்னாவுல இருக்க லிப்பிசானர் குதிரைங்களுக்கு தினம் 20 மி.கி. குடுத்து பாத்த ஆய்வு 1995ல வெளிவந்துச்சு. அதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, வித்தியாசம் கண்ணுக்கு தெரிய ஒம்பது மாசம் கிட்ட ஆச்சு. ரெண்டு, குளம்பு வளர்ற வேகம் கூடல, வளர்ற கொம்போட தரம் தான் கூடுச்சு. அதனால "முப்பது நாள்ல ரிசல்ட்"னு எழுதியிருந்தா அந்த டப்பாவ வச்சுட்டு வந்துருங்க. குளம்பு மாசத்துக்கு 8 மில்லிமீட்டர்ல இருந்து 1 சென்டிமீட்டர் வரைக்கும் தான் எறங்கும், முன்பக்க நுனி முழுசா புதுசாக பத்து மாசத்துல இருந்து ஒரு வருசம் ஆகும். ஏற்கனவே வெடிச்ச பகுதி செத்த கொம்பு, அத எந்த மருந்தும் ஒட்ட வைக்காது. மேல ரோமம் முடியிற எடத்துல இருந்து நல்ல கொம்பு எறங்கி வந்து பழசு சீவிப் போகணும், அவ்ளோ தான் வழி.

அடுத்தது பச்ச முட்டை. இத தயவுசெஞ்சு நிறுத்துங்க. பச்ச வெள்ளக்கருவுல அவிடின்னு ஒரு புரதம் இருக்கு, அது பயோட்டினை புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேர விடாது. ஒரு பக்கம் பயோட்டினுக்கு காசு குடுத்துட்டு இன்னொரு பக்கம் அத கட்டிப் போடற வேல. முட்டை குடுக்கணும்னு ஆசப்பட்டா நல்லா வேகவச்சு குடுங்க.

மூணாவது ஜிங்க், காப்பர். 500 கிலோ குதிரைக்கு, வேல ஏதும் இல்லாம இருந்தாலே, தினம் ஜிங்க் 400 மி.கி., காப்பர் 100 மி.கி. வேணும்னு அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 2007ல குடுத்த அளவு சொல்லுது. நம்ம ஊர் புல், தவிடுல ரெண்டும் பெரும்பாலும் பத்தாது. அதே சமயம் இரும்பு தாராளமா இருக்கும், செம்மண்ணு, போர் தண்ணி எல்லாத்துலயும். அதனால இரும்பு சேத்த ரத்த விருத்தி டானிக் குளம்புக்குன்னு வாங்காதீங்க, தேவையில்லாத இரும்பு ஜிங்க்கும் காப்பரும் சேர்றத கெடுக்கும். நீங்க சொன்ன மூணாவது லிக்விட்ல லேபிள்ல மொதல் வரியே இரும்பு தான் இருக்கு, அத விட்டுருங்க.

நாலாவது தான் பெருசு. உங்க தீனியில சுண்ணாம்புச் சத்து எங்க இருந்து வருது? ரெண்டு கிலோ தவிடுல பாஸ்பரஸ் 20 கிராம் போல போகுது, கால்சியம் ரெண்டு மூணு கிராம் கூட தேறாது. குதிரைக்கு கால்சியம் எப்பவும் பாஸ்பரஸ விட அதிகமா இருக்கணும், ஒண்ணரை பங்கு ரெண்டு பங்கு இருந்தா நல்லது. இது தலைகீழா பல மாசம் போனா ஒடம்பு எலும்புல இருந்து கால்சியத்த உருவ ஆரம்பிக்கும், மூஞ்சி எலும்பு வீங்கற வியாதி வரைக்கும் போகும். எந்த பயோட்டின் டப்பாவும் இத சரி பண்ணாது. தவிட அரை கிலோவுக்கு எறக்குங்க, குதிரை மசால் (லூசர்ன்னு சொல்ற பசுந்தீவனம்) சேருங்க.

ரேக்ளா_ரசிகன்

டாக்டர் சொல்றது சரியா இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா அந்த காலத்துல பயோட்டினும் இல்ல ஜிங்க்கும் இல்ல, கொள்ளும் புல்லும் தான். குளம்பு நல்லா தான இருந்துச்சு?

நாமக்கல்_கால்நடை

ஐயா நீங்க கேக்கறது நியாயமான கேள்வி. அந்தக் குதிரைங்க நாள் முழுக்க நடந்துச்சு, பத்து விதமான புல்லு மேஞ்சுச்சு, மேய்ச்சல்ல அருகம்புல் நெறைய இருந்துச்சு. நடக்க நடக்க குளம்புக்கு ரத்த ஓட்டம் கூடும். குதிரையோட பெருங்குடல்ல இருக்க நுண்ணுயிர்ங்களே பயோட்டின் தயாரிக்கும், அதுக்கு நார்ச்சத்து வேணும். இப்ப நம்ம குதிரை 20 மணி நேரம் லாயத்துல நிக்குது, ஒரே ரகம் தீவனப்புல், மேல மக்காச்சோளம், வெல்லம். மாவுச்சத்து அதிகமா போனா குடல்ல அமிலம் ஏறி அந்த நுண்ணுயிர் கூட்டம் கெடும், ரொம்ப போனா லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள்ள சதை வீங்கி நடக்க முடியாம போற வியாதி வரும். கொள்ளு நல்ல தீனி தான், அத நான் குறை சொல்லல. புரதம் 20 சதத்துக்கு மேல இருக்கு. ஆனா பயறு வகை எல்லாத்துலயும் மெத்தியோனின் கம்மி, குளம்புக் கொம்புக்கு கந்தகம் சேந்த அந்த அமினோ அமிலம் தான் முக்கியம். அதுக்கு உங்க பழைய வழக்கத்துலயே மருந்து இருக்கு: எள்ளுப் புண்ணாக்கு. அதுல மெத்தியோனின் நல்லாவே இருக்கு. நூறு நூத்தம்பது கிராம் சேத்தா போதும், பூசணம் இல்லாம பாத்து வாங்கணும்.

ரேக்ளா_ரசிகன்

எள்ளுப் புண்ணாக்கு எங்க வீட்ல அப்ப உண்டு. இப்ப யாரும் போடறதில்ல. நல்ல தகவல், நன்றி டாக்டர்.

காங்கேயம்_கொறங்காடு

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும் டாக்டர். எங்களுக்கு கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நெலம்) இருக்கு, முழுக்க கொழுக்கட்டைப் புல். மாட்டுக்கு அத மிஞ்சுன மேய்ச்சல் இல்லீங்க. ஒரு மட்டக்குதிரையும் அதுலயே தான் மேயுது. குதிரைக்கு ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா?

நாமக்கல்_கால்நடை

பாதி நெசம். கொழுக்கட்டைப் புல், கோ-4 மாதிரி நேப்பியர் ரகங்க, ரெண்டுலயும் ஆக்சலேட் இருக்கு. அது புல்லுல இருக்க கால்சியத்த கட்டிப் புடிச்சுக்கும், குதிரை குடல்ல உறிஞ்ச முடியாது. மாட்டோட முதல் வயித்துல அத ஒடைக்கிற நுண்ணுயிர் இருக்கு, அதனால மாடு தாங்கும். குதிரைக்கு அந்த வசதி சிறுகுடலுக்கு அப்பறம் தான் வருது, கால்சியம் உறிஞ்சற எடம் அதுக்குள்ள தாண்டிப் போயிருது. எளசா இருக்க புல்லுல ஆக்சலேட் இன்னும் அதிகம்.

அதனால கொறங்காட்ட விட்டு ஓட்ட வேணாம். அது மட்டுமே தீனியா இருக்கக் கூடாது, கூட கால்சியம் போகணும். பொள்ளாச்சிக்காரருக்கும் இதே தான்: கோ-4 பாதி, அருகம்புல்லோ வேற காஞ்ச புல்லோ பாதின்னு மாத்துங்க, குதிரை மசால் தினம் அஞ்சு கிலோ பச்சையா குடுத்தா அதுலயே 12, 13 கிராம் கால்சியம் வந்துரும். மசால் கெடைக்காத நாள்ல தீவனத்துக்கான சுண்ணாம்புக்கல் தூள். டிசிபி (டை கால்சியம் பாஸ்பேட்) வேணாம், அதுலயும் பாஸ்பரஸ் இருக்கு, நம்ம பிரச்சனையே பாஸ்பரஸ் ஜாஸ்தி தான். சந்தேகமா இருந்தா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்துல தீவனம் பகுப்பாய்வு பண்ற ஆய்வகம் இருக்கு, புல்லு சாம்பிள் குடுத்து பாக்கலாம்.

ஊட்டி_மட்டக்குதிரை

இங்க நீலகிரியில முழுக்க கிக்குயு புல், அதுவும் அதே ஆக்சலேட் ரகம் தான். அதனால டாக்டர் சொன்னத அப்படியே வழிமொழியறேன். நான் சொல்ல வந்தது செலினியம்ங்கற தாது பத்தி. யாரும் இன்னும் சொல்லல.

குளம்பு பவுடர்ல செலினியம் இருக்கும், மினரல் மிக்சர்ல இருக்கும், வைட்டமின் ஈ டானிக்லயும் சேத்தே வரும். மூணையும் ஒண்ணா குடுக்கிற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். செலினியம் 500 கிலோ குதிரைக்கே தினம் 1 மி.கி. தான் தேவை. மிஞ்சிப் போனா பிடரி மயிரும் வாலும் கொட்டும், குளம்புல குறுக்க வெடிப்பு விழும், கழண்டே கூட போகும். குளம்ப சரி பண்ண குடுத்ததே குளம்ப ஒடைச்ச கதையாயிரும். 2009ல அமெரிக்காவுல புளோரிடாவுல போலோ குதிரைங்க 21 ஒரேயடியா செத்துச்சே, அது செலினியம் அளவு தப்பி கலந்து ஊசி போட்டதால தான். அதனால எத்தன டப்பா வாங்குனாலும் எல்லா லேபிள்லயும் செலினியத்த மட்டும் தனியா கூட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ வெல கம்மின்னு குதிரைக்கு கலக்காதீங்க. சிலதுல மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து இருக்கும், குதிரைக்கு அது கொஞ்சம் போனாலும் இதயத் தசைய கெடுத்து கொன்னுரும். தீவன அரவை மில்லுல ஒரே மெஷின்ல எல்லாம் அரைப்பாங்க, அதையும் கேட்டுக்குங்க.

பொள்ளாச்சி_சவாரி

இவ்ளோ விஷயம் இருக்கும்னு நெனைக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வெளிநாட்டு பெல்லட்டோட லேபிள் பாத்தேன், தினசரி அளவுல பயோட்டின் 20 மி.கி., ஜிங்க், காப்பர், மெத்தியோனின் எல்லாம் இருக்கு, ஆனா வெல தான். மருந்துக்கடையில முடி கொட்டறதுக்கு குடுக்கிற பயோட்டின் 10 மி.கி. மாத்திரை இருக்கே, அது குடுக்கலாமா? குதிரை எடை 400 கிலோ இருக்கும்னு நெனைக்கிறேன்.

நாமக்கல்_கால்நடை

எடைய நெனைக்க வேணாம், அளந்துருங்க. தையல் டேப் எடுத்து முன்னங்காலுக்கு பின்னால நெஞ்சு சுத்தளவு, அப்பறம் தோள்முனையில இருந்து பிட்டத்து முனை வரைக்கும் நீளம், ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுத்தளவ சுத்தளவால பெருக்கி, நீளத்தால பெருக்கி, 11,880 ஆல வகுங்க. கிலோ வந்துரும்.

பொள்ளாச்சி_சவாரி

சுத்தளவு 155, நீளம் 145. கணக்கு போட்டா 293 கிலோ வருதுங்க டாக்டர்.

நாமக்கல்_கால்நடை

அதான் காத்தியவாரி எடை. 300ன்னு வச்சுக்கங்க. நூறு கிலோவுக்கு மேல மனசுல அதிகமா வச்சு தீனி போட்டிருக்கீங்க, மக்காச்சோளத்த முழுசா நிறுத்திரலாம், கொள்ளு ஒரு கிலோ போதும், வெல்லம் மருந்து கலக்கற அளவுக்கு சுண்டக்கா சைஸ். ஆனா எதையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, பத்து நாள்ல மெல்ல மெல்ல மாத்துங்க, இல்லன்னா வயித்துவலி வரும்.

பயோட்டின் மாத்திரை குடுக்கலாம். வெறும் பயோட்டின் மட்டும் இருக்க மாத்திரையா வாங்குங்க, கூட பத்து சத்து கலந்து ஜவ்வு மிட்டாய் மாதிரி வர்ற ரகம் வேணாம். நூறுல இருந்து நூத்தம்பது கிலோவுக்கு 5 மி.கி.ன்னு கணக்கு, உங்களுக்கு தினம் 10, 15 மி.கி. வருது, ஒண்ணரை மாத்திரை பொடிச்சு கொள்ளுல கலந்துருங்க. தண்ணியில கரையிற வைட்டமின், கொஞ்சம் கூடப் போனாலும் பயமில்ல. ஜிங்க்கும் காப்பரும் அப்படி இல்ல, அத உங்க பக்கத்து டாக்டர நேர்ல பாக்க வச்சு எழுதி வாங்குங்க. 300 கிலோவுக்கு மொத்தத் தேவை ஜிங்க் 240, காப்பர் 60 போல, நாலுக்கு ஒண்ணு. காப்பர் சேத்த தீனிய செம்மறி ஆடு வாய் வைக்காம பாத்துக்கங்க, அதுக்கு காப்பர் ஆகவே ஆகாது.

இப்படி தனித்தனியா பாத்துப் பாத்து குடுக்க முடியாதுன்னா அந்த வெளிநாட்டு பெல்லட் தப்பில்ல, எடைக்கு ஏத்த மாதிரி அளவ கொறச்சுக்கலாம். இல்ல, கணக்கு போட்டு குடுக்க முடியும்னா மாத்திரையும் மசாலும் எள்ளுப் புண்ணாக்கும் அதே வேலைய பாக்கும். நடுவுல இருக்க அந்த குளம்பு படம் போட்ட பவுடர்ல பயோட்டின் அளவே எழுதல, "பயோட்டின் சேர்க்கப்பட்டது"ன்னு மட்டும் இருக்கு. அளவு எழுதாததுக்கு காசு குடுக்காதீங்க.

மதுரை_லாடம்

மழை சீசன் வருது, அதையும் சொல்லிடறேன். ஐப்பசி கார்த்திகையில நாள் பூரா சேத்துல நின்னு ராத்திரி காஞ்சு, ஊறிக் காய்ஞ்சு ஊறிக் காய்ஞ்சு தான் நெறைய குளம்பு போகுது. தினம் குளிப்பாட்டறத நிறுத்துங்க, வேர்வ இருந்தா துணியால தொடைங்க. நிக்கிற எடம் கொஞ்சம் மேடா, மணல் போட்டு வைங்க. அந்த நாத்தத்துக்கு தினம் கால் தூக்கி சுத்தம் பண்ணி நல்லா காய விடணும். மயில்துத்தம் கரைச்சு ஊத்துவாங்க, ரொம்ப தண்ணியா கரைச்சா சரி, கெட்டியா போட்டா நல்ல சதையையும் சுட்டுரும். பழைய என்ஜின் ஆயில் மட்டும் வேணவே வேணாம் அண்ணே.

சந்தைக்கு போற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்த. அந்தியூர்ல பாக்கறேன், எல்லாரும் சுழி பாக்கறாங்க, நெத்தி சுழி நெஞ்சு சுழின்னு ஒரு மணி நேரம் பாக்கறாங்க, நாலு காலையும் தூக்கிப் பாக்க அஞ்சு நிமிசம் செலவு பண்ண மாட்டேங்கறாங்க. குளம்பப் பாத்தா அந்தக் குதிரை ஒரு வருசமா என்ன தின்னுச்சுன்னு தெரியும்.

பொள்ளாச்சி_சவாரி

ரொம்ப நாள் கழிச்சு வர்றேங்க, தைப் பொங்கலும் முடிஞ்சாச்சு. மதுரை அண்ணன் சொன்ன ஒருத்தர் வந்து சீவிட்டுப் போறாரு, லாடம் இன்னும் அடிக்கல. மேல ரோமத்துக்கு கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு புது குளம்பு எறங்கிருக்கு, அந்தப் பகுதியில ஒரு கீறல் கூட இல்ல, கைய வச்சு தடவுனா வழவழன்னு இருக்கு. அதுக்குக் கீழ பழசு அப்படியே வெடிச்சு தான் இருக்கு. நாத்தம் சுத்தமா போச்சு. தவிடு கொறச்சதுல மொதல்ல மொறச்சுப் பாத்துச்சு, இப்ப மசாலுக்கு கத்துது. நல்லா ஆனதுக்கு அப்பறம் பயோட்டின நிறுத்திரலாமா?

நாமக்கல்_கால்நடை

கேக்கவே சந்தோசமா இருக்கு. அந்தப் புதுசும் பழசும் சேர்ற கோட்ட மாசாமாசம் ஒரே பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து வைங்க.

நிறுத்தறத பத்தி இப்ப யோசிக்காதீங்க, கோடு தரைக்கு வர்ற வரைக்கும் கொறைக்கக் கூடாது, அடுத்த ஆடி ஆவணி ஆகும். அதுக்கப்பறமும், சுவிட்சர்லாந்துல பல வருசம் தொடர்ந்து பாத்ததுல, நிறுத்தினதோ கொறச்சதோ பெரும்பாலான குதிரைங்களுக்கு குளம்பு மறுபடி கெட்டுச்சு. பெறப்புலயே குளம்பு மெலிசா இருக்க குதிரைக்கு காலம் பூரா குடுக்க வேண்டி வரலாம். மத்தது, தீனியும் சீவலும் சரியானாலே நின்னுக்கும். உங்களுது எந்த வகைன்னு பின்னங்கால் குளம்ப வச்சு ஓரளவு சொல்லலாம், அதோட போட்டோ இருந்தா போடுங்க.

பொள்ளாச்சி_சவாரி

நாளைக்கு காலையில எடுத்துப் போடறேன் டாக்டர்.